டெலிவரி வேன் சொன்ன மைலேஜ் தரல, ஏழு தடவ ஒர்க்‌ஷாப் போயாச்சு, கன்ஸ்யூமர் கேஸ் போட முடியுமா?

கேள்விய சுருக்கமா சொல்லிடறேன். பார்சல் டெலிவரி ஓட்டற ஒரு தம்பி எழுதியிருக்காரு. டீசல் ஒண்ணு, சிஎன்ஜி ஒண்ணுன்னு ரெண்டு சரக்கு வேன் பாத்துட்டு, டீலர் கொட்டேஷன் பேப்பர்லயே பேனாவால "22 கி.மீ. கேரண்டி"ன்னு எழுதிக் குடுத்ததால டீசல் வேன லோன் போட்டு எடுத்திருக்காரு. கைக்கு வர்றது 14. ஆறு மாசத்துல ஏழு தடவ ஒர்க்‌ஷாப், மொத்தம் 23 நாள் வண்டி அங்கயே நின்னிருக்கு. கேட்டதுக்கு "இது கமர்ஷியல் வண்டி, நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது"ன்னு மேனேஜர் சொல்லிட்டாராம். இஎம்ஐ-ய நிறுத்திடவா, வெளி மெக்கானிக்கிட்ட குடுக்கவா, இன்னொரு வேன் எடுத்து டிரைவர் போட்டு சமாளிக்கவான்னு கேக்கறாரு.

தம்பி, மேனேஜர் சொன்னத அப்படியே நம்பிட்டு உக்காந்துடாதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல பிரிவு 2(7) இருக்கு, அதுல வியாபார நோக்கத்துக்கு வாங்குறவங்க நுகர்வோர் இல்லன்னு சொல்லிட்டு, கூடவே ஒரு விளக்கமும் குடுத்திருக்காங்க, சுயதொழில் செஞ்சு பொழைக்கறதுக்காக மட்டுமே ஒருத்தர் வாங்கி அவரே பயன்படுத்தற பொருளா இருந்தா அது வியாபார நோக்கத்துல சேராது. 1995-ல லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் இத விவரமா சொல்லியிருக்கு, டாக்ஸி வாங்கி தானே ஓட்டிப் பொழைக்கறவர் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஒண்ணு ரெண்டு பேர வச்சுக்கிட்டாலும் அந்த உரிமை போயிடாது. நீங்களே ஓட்டறீங்க, ஆர்சி உங்க பேர்ல, டெலிவரி கம்பெனியோட வாராந்திர பேமெண்ட் உங்க அக்கவுண்ட்லதான் விழுது. இதவிட தெளிவா என்ன வேணும்? ஆனா மனுவுல "என் குடும்பத்தோட ஒரே பொழப்பு இந்த வண்டிதான், நானே ஓட்டறேன்"னு முதல் பக்கத்துலயே எழுதியாகணும், இந்த ஒரு வரிய எழுத மறந்தாலே எதிர் தரப்பு வக்கீல் கேஸ ஆரம்பத்துலயே அடிக்கப் பாப்பாரு.

இப்ப மைலேஜுக்கு வரேன். இதுல நீங்க நெனைக்கற அளவுக்கு உங்க கை ஓங்கி இல்ல, அத ஒளிக்காம சொல்லிடறேன். விளம்பரத்துல போடற மைலேஜ் லேப்ல வண்டிய ரோலர் மேல நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட வேக அட்டவணப்படி ஓட்டி எடுக்கற நம்பர். அடிக்கடி நிறுத்தி, இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே பார்சல எடுத்துட்டு படியேறி இறங்கி வர்ற டெலிவரி ஓட்டத்துக்கு அந்த நம்பர் வராது. அதனால வெறும் "வரல"ன்னு சொன்னா நுகர்வோர் கமிஷன் (நாம கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னு சொல்றது) ஏத்துக்காது. உங்க பலம் எங்க இருக்குன்னா, அவங்க கைப்பட எழுதுன அந்த "கேரண்டி"ங்கற வார்த்தைலதான். திருச்சூர் மாவட்ட கமிஷன்ல 2022-ல ஒரு கார் கேஸ் தீர்ப்பாச்சு, விளம்பரத்துல லிட்டருக்கு 32 கி.மீ., நிபுணர வச்சு ஓட்டிப் பாத்தப்ப வந்தது 19.6, வாங்குனவருக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் குடுக்கச் சொன்னாங்க. அந்தக் கேஸ்ல நிக்க வச்சது நிபுணரோட அளவு. உங்களுக்கும் அது வேணும்.

அதுக்கு முன்னாடி நீங்களே அளந்து வைங்க. ஒரே பங்க், ஒரே பம்ப், தானா கட் ஆகற வரைக்கும் ஃபுல் டேங்க், பில்லையும் கிலோமீட்டர் காட்டற மீட்டரையும் ஒரே போட்டோவுல வர்ற மாதிரி எடுத்துக்கோங்க. ஆறேழு தடவயாவது இப்படிச் செய்ங்க. டேஷ்போர்டுல வர்ற சராசரி மைலேஜ நம்பாதீங்க. அப்புறம் ரெண்டு மூணு நாளாவது லோடு ஏத்துன பிறகு எடைமேடைல ஏத்தி சீட்டு வாங்கி வைங்க, ஏன்னா அவங்க முதல்ல சொல்லப் போறதே "ஓவர்லோடு"தான். உண்மையாவே ஆர்சி-ல இருக்கற எடைக்கு மேல ஏத்திட்டு இருந்தீங்கன்னா இன்னிக்கே நிறுத்திடுங்க, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ல அபராதம் 20,000 ரூபாய், மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோட உங்க கேஸும் போச்சு.

என்னைக் கேட்டா மைலேஜவிட பெரிய கேஸ் ரிப்பேர்தான். கணக்கு போட்டுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரி ஒரு நாளைக்கு 110 கி.மீ. ஓட்டுனா, 22 குடுக்கற வண்டிக்கு 5 லிட்டர், 14 குடுக்கற வண்டிக்கு கிட்டத்தட்ட 8 லிட்டர், மாசம் 25 நாளைக்கு 70 லிட்டருக்கு மேல நஷ்டம், சரி. ஆனா 23 நாள் வண்டி நின்னுச்சே, அந்த நாள்ல வருமானமும் இல்ல, இஎம்ஐ மட்டும் போயிட்டே இருந்துச்சு, ரெண்டு தடவ வாடகை வண்டி வேற எடுத்திருக்கீங்க. இதையெல்லாம் நஷ்ட ஈடாக் கேக்கலாம், ஆனா வாடகை ரசீதும் நின்ன வாரத்துக்கும் ஓடுன வாரத்துக்குமான பேமெண்ட் ஸ்டேட்மெண்டும் கூட வச்சாத்தான் நிக்கும்.

நீங்க அனுப்புன ஏழு ஜாப் கார்டையும், அதாவது ஒவ்வொரு தடவயும் சர்வீஸுக்கு விடும்போது புகாரையும் செஞ்ச வேலையையும் எழுதற சீட்டையும், ஒண்ணொண்ணா பாத்தேன். மூணாவது கார்டுல கஸ்டமர் புகார்ங்கற கட்டத்துல "பிக்கப் இல்ல, மஞ்ச லைட் எரியுது"ன்னு இருக்கு, கீழ "செக் பண்ணி ஓகே"ன்னு சீல். நாலாவது கார்டுல மீட்டர பாருங்க, மூணாவதுக்கு அப்புறம் வெறும் 212 கி.மீ. தான் ஓடியிருக்கு, அதே லைட், அதே பிக்கப் பிரச்சன. இந்த ரெண்டு கார்டு போதும் "சரி பண்ணல"ன்னு காட்ட. ஆனா அஞ்சாவதுலயும் ஆறாவதுலயும் "ஜெனரல் செக்கப்"னு மட்டும் எழுதியிருக்காங்க, நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களே! இனிமே உங்க வார்த்தைல புகார எழுதாம கையெழுத்து போடாதீங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அங்க நின்னுக்கிட்டே கம்பெனி கஸ்டமர் கேர் மெயிலுக்கு போட்டோவோட அனுப்பிடுங்க.

அந்த மஞ்ச லைட் டிபிஎஃப் லைட்டுன்னு கார்டுல இருக்கற குறிப்ப வச்சு தெரியுது. பிஎஸ்6-ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வர்ற டீசல் வண்டில புகைக் கரிய புடிச்சு வைக்கற ஃபில்டர் அது, அந்தக் கரி எரியணும்னா சுமார் 600 டிகிரி சூடு வேணும், நிறுத்தி நிறுத்தி மெதுவா ஓட்டற வண்டில அந்த சூடு வராம அடைச்சுக்கும். அதனாலதான் "உங்க டிரைவிங் சரியில்ல"ன்னு சொல்றாங்க. ஆனா நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்புல "பார்சல் டெலிவரிக்குத்தான், சிட்டிக்குள்ள மட்டும் ஓடும், எது நல்லா இருக்கும்"னு கேட்டிருக்கீங்க, அதுக்கு சேல்ஸ்மேன் "டீசலே எடுங்க சார்"னு பதில் போட்டிருக்காரு. எனக்கு உங்க ஃபைல்ல ரொம்பப் புடிச்சது இதான். என்ன வேலைக்குன்னு சொல்லி, விக்கறவரோட அனுபவத்த நம்பி வாங்குனா பொருள் அந்த வேலைக்கு தகுதியா இருக்கணும்னு சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16 சொல்லுது. பிராண்டு பேர் சொல்லி கேட்டு வாங்குனா இது பொருந்தாதுன்னு அதுலயே ஒரு விதிவிலக்கும் இருக்கு, அதனாலதான் நீங்க "எது நல்லா இருக்கும்"னு கேட்டது முக்கியம். அந்த சேட்ட டெலிட் பண்ணிடாதீங்க, ஃபோன மாத்தவும் மாத்தாதீங்க.

வெளி மெக்கானிக் அந்த ஃபில்டரையே கழட்டிடலாம்னு சொல்றாரா? வேண்டவே வேண்டாம். வாரண்டி போயிடும், புகைக் கட்டுப்பாட்டு விதிய மீறுன குத்தமும் உங்க மேலயே வரும், நிபுணர் வண்டிய பாக்க வரும்போது ஆதாரமே இருக்காது. இஎம்ஐ-யும் அதே மாதிரிதான், லோன் குடுத்தவனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கறது தனி ஒப்பந்தம், வண்டி சரியில்லங்கறது அங்க பதில் ஆகாது, நிறுத்துனா வண்டிய தூக்கிட்டுப் போயிடுவாங்க. கஷ்டம்தான், தெரியுது, ஆனா கட்டிட்டே கேஸ் நடத்துங்க.

கேஸ் எங்க போடறதுன்னா நீங்க குடியிருக்கற மாவட்டத்து கமிஷன்லயே போடலாம், டீலரோட ஊருக்கோ கம்பெனி தலைமை ஆபீசுக்கோ அலைய வேண்டாம். குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட கமிஷன்தான், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய். ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம், வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம். டீலரையும் தயாரிச்ச கம்பெனியையும் சேத்தே எதிர்மனுதாரரா போடுங்க, ஒருத்தர விட்டுட்டா இன்னொருத்தர் அவர் மேல கைய காட்டிட்டு போயிடுவாரு. மனுவோடவே பிரிவு 38-ன்படி வண்டிய நிபுணர் சோதனைக்கு அனுப்பச் சொல்லி தனியா ஒரு மனு. கால வரம்பு ரெண்டு வருஷம். நோட்டீஸ் கட்டாயம் இல்லன்னாலும் 15 நாள் டைம் குடுத்து ஒண்ணு அனுப்புங்க, நிறைய பேர் அங்கயே பேச வந்துடறாங்க.

முழு வண்டியையும் மாத்திக் குடுப்பாங்களான்னு கேட்டிருந்தீங்க. கெட்ட பார்ட்ட மாத்துனா சரியாயிடும்னா முழு வண்டிய மாத்தச் சொல்ல முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2006-லயே ஒரு கார் வழக்குல சொல்லியிருக்கு. அதனால கோரிக்கைய படிப்படியா வைங்க, தயாரிப்புலயே குறை இருக்குன்னு நிபுணர் சொன்னா வண்டி மாத்தணும் இல்ல பணம் திரும்ப வேணும், இல்லாட்டி ஃபில்டரும் அத சேர்ந்த பார்ட்டுங்களும் இலவசமா மாத்தி, வாரண்டி நீட்டிச்சு, நின்ன 23 நாளுக்கும் நஷ்ட ஈடு.

ரெண்டாவது வேன் விஷயம். இப்ப எடுத்து டிரைவர் போட்டீங்கன்னா "சுயதொழில் இல்ல, வண்டி வச்சு வியாபாரம் பண்றாரு"ன்னு சொல்ல அவங்களுக்கு நாமளே வழி விடற மாதிரி ஆயிடும். தோத்துடுவீங்கன்னு சொல்லல, ஆனா தேவையில்லாத வாதம் ஒண்ணு கூடும். இந்தக் கேஸ்ல உங்க சாட்சியம் பதிவாகற வரைக்குமாவது பொறுங்க. எடுக்கும்போது டீசலோட லிட்டர் கணக்கையும் சிஎன்ஜியோட கிலோ கணக்கையும் நேரா பக்கத்துல வச்சு பாக்காதீங்க, ஒரு கிலோமீட்டருக்கு எத்தன ரூபாய்னு போட்டுப் பாருங்க, சிலிண்டர் எடையால லோடு எவ்வளவு குறையுதுன்னும் கேளுங்க. அதே வண்டிய டெலிவரில ஒரு வருஷமா ஓட்டற ரெண்டு பேரத் தேடிப் புடிச்சு, அவங்க ஜாப் கார்ட வாங்கிப் பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.