ரிலீஃப் வால்வ் கேள்விகள்: எதுல காசு மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது

வீட்ல பீர் போடறவங்ககிட்ட இருந்து இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல பிரஷர் ரிலீஃப் வால்வ (சுருக்கமா பிஆர்வி, பிரஷர் அளவு தாண்டினா தானா திறந்து கேஸை விடற வால்வ்) பத்தின கேள்விதான், அதனால ஈஸ்ட், ஹாப்ஸ் சமாச்சாரத்தையெல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளிட்டேன். எழுதறவங்க மூணு விஷயம் கண்டிப்பா சொல்லுங்க: ஃபெர்மென்டர் (பீர் புளிக்கற டேங்க்) பிளாஸ்டிக்கா ஸ்டீலா, அது மேல எத்தனை பிஎஸ்ஐனு (பிரஷர் அளவு) போட்டிருக்கு, எந்த நாட்டுல இருக்கீங்க. "நல்ல வால்வ் ஒண்ணு சொல்லுங்க"னு ஒரே வரில கேட்டா நான் என்னத்த சொல்றது.

கே: (மெல்போர்ன்) ஏர் கம்ப்ரசருக்கு போடற பித்தளை சேஃப்டி வால்வ் ஹார்ட்வேர் கடைல ரொம்ப சீப். என் ஃபெர்ம்ஜில்லா பிளாஸ்டிக் ஃபெர்மென்டர்ல மாட்டலாமா?

வேணாம். அது திறக்கறதே 120, 150 பிஎஸ்ஐ பக்கம், உங்க டேங்க் தாங்கறது 35. டேங்க் வெடிச்ச அப்புறமும் வால்வ் மூடியேதான் இருக்கும். பித்தளைல ஈயம் வேற இருக்கும், பீர் புளிப்பு, அது உங்களுக்கு தேவையா? அந்த டேங்குக்குன்னே 35 பிஎஸ்ஐ வால்வ் பத்து டாலர் பக்கம் கிடைக்குது. நம்பர் அடிக்காத வால்வ வாங்காதீங்க, நம்பர் இருந்தாலும் செட்டப்லயே வீக்கான பொருள் எதுவோ அதோட நம்பரை தாண்டக்கூடாது.

கே: (டொரான்டோ) அரை இஞ்ச் ஃபிட்டிங் ஆன்லைன்ல வாங்கினேன், டெஃப்லான் டேப் பத்து சுத்து சுத்தியும் கசியுது. டேப் மட்டமா?

டேப் மேல தப்பு இல்ல, மரைதான் வேற. கனடா, அமெரிக்கால என்பிடினு ஒரு மரை அளவு, மத்த பல ஊர்ல பிஎஸ்பினு இன்னொண்ணு, சீனால இருந்து வர்ற சீப் ஐட்டம் நிறைய பிஎஸ்பிதான். அரை இஞ்ச்ல ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை, அதனால ரெண்டு மூணு சுத்து அழகா ஏறும், நீங்களும் சரியா உக்காந்துடுச்சுனு நினைப்பீங்க, ஆனா ஒண்ணோட கோணம் 60 டிகிரி இன்னொண்ணு 55, சீல் ஆகவே ஆகாது. கால் இஞ்ச்ல என்பிடிக்கு 18 மரை, பிஎஸ்பிக்கு 19, அங்க கொஞ்சம் ஏறினதுமே இறுகிடும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மரை பேரை படிங்க. ஃப்ளேர் ஃபிட்டிங்ல டேப்பே போடக்கூடாது, அது மரைல இல்ல, கூம்பு முகம் ரெண்டும் அழுந்தி சீல் ஆகற ஐட்டம்.

கே: (சிங்கப்பூர்) குக்கர் வெயிட்டும் சேஃப்டி வால்வும் ஸ்பேரா இருக்கு அண்ணா, அத வச்சே ஒரு மூடி பண்ணிக்கலாமா?

வெயிட் ஏறக்குறைய 15 பிஎஸ்ஐல தூக்கும், அது வரைக்கும் உங்க யோசனை சரி. ஆனா நம்ம குக்கரோட சேஃப்டி வால்வ் சூட்டுல உருகற உலோகம், பிரஷருக்கு அது திறக்காது. தண்ணி வத்தி குக்கர் காய்ஞ்சாதான் அதுக்கு வேலை. உங்க பீர் இருக்கறது 20 டிகிரில, அது எப்ப உருகும்? நுரை ஏறி வெயிட் துளை அடைச்சுச்சுனா உங்களுக்கு ரெண்டாவது வழியே கிடையாது. பண்ணாதீங்க.

கே: (லண்டன்) என் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர்ல பிஆர்வி லேசா "உஸ்ஸ்"னு சத்தம் போட்டுட்டே இருந்துச்சு. எபாக்ஸி வச்சு அடைச்சுட்டேன், கசிவு நின்னுடுச்சு. இப்ப கேஜ் 30ஐ தாண்டி ஏறிட்டே இருக்கு, பரவால்லயா?

பரவால்ல இல்ல. இத படிச்ச உடனே, முகத்தை டேங்குக்கு மேல கொண்டு போகாம, கேஸ் போஸ்ட்ல (டேங்க்ல கேஸ் மாட்டற முனை) ஒரு டிஸ்கனெக்ட்ட (அதுல சொருகற கனெக்டர்) ஹோஸோட மாட்டி ஒரு பக்கெட்டுக்குள்ள மெதுவா கேஸை இறக்குங்க, நுரை வந்தா நிறுத்தி நிறுத்தி விடுங்க, ஜன்னலை திறந்து வைங்க. மீதிய அப்புறம் படிங்க.

இந்த மாதிரி லெட்டர் வராத மாசமே இல்ல. ஒருத்தர் எம்-சீல், ஒருத்தர் ஸ்க்ரூ, ஒருத்தர் கேபிள் டை போட்டு இழுத்து கட்டிருக்கார். கணக்கு பாருங்க: 20 லிட்டர் சாதாரண பீர்ல ரெண்டு கிலோ பக்கம் சர்க்கரை புளிக்குது, அதுல ஏறக்குறைய பாதி எடை கார்பன் டை ஆக்சைடா வெளிய வரும், கிட்டத்தட்ட 500 லிட்டர் கேஸ். உங்க டேங்க்ல காலி இடம் ஏழெட்டு லிட்டர். கொஞ்சம் பீர்லயே கரையும், மீதி எங்க போகும்? ஈஸ்ட்டுக்கு உங்க கேஜ் தெரியாது, சர்க்கரை இருக்கற வரைக்கும் வேலை பாத்துட்டே இருக்கும்.

ஸ்பண்டிங் வால்வ் இருக்கே, அது போதாதான்னு அடுத்து கேப்பீங்க. போதாது. அது பிரஷரை செட் பண்ற சாமான், வழி குறுகல், கொஞ்சம் ஹாப்ஸும் நுரையும் போனா அடைச்சுக்கும். பிஆர்வி தனியா, எதுவும் ஒட்டாம, வேலை செய்யற நிலைல இருக்கணும். கசியுதுன்னா காரணம் பெரும்பாலும் உள்ள காய்ஞ்ச நுரை, இல்ல முறுக்கிக்கிட்ட ஓ-ரிங். பிரஷரை இறக்கிட்டு கழட்டி வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சு, வால்வ் மேல இருக்கற இழுப்பு வளையத்த நாலஞ்சு தடவை இழுத்து விடுங்க. அப்பவும் கசிஞ்சா தூக்கி போட்டு புதுசு வாங்குங்க, ரெண்டு பைன்ட் காசு கூட ஆகாது. எபாக்ஸி வச்சத காப்பாத்த பாக்காதீங்க, அது குப்பை. ரிலீஃப் வால்வ அடைக்காதீங்க, எத்தனை தடவை வேணா சொல்றேன், அடைக்காதீங்க.

கே: வாங்கின வால்வ் சரியான பிரஷர்ல திறக்குதானு எப்படி பாக்கறது?

130 பிஎஸ்ஐ தாங்கற ஸ்டீல் கெக்ல (பீர் வைக்கற உருளை) மாட்டி, கெக் நிறைய தண்ணி ரொப்பி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ரெகுலேட்டரை சின்ன சின்னதா ஏத்துங்க. 35னு போட்டிருந்தா அந்த பக்கத்துல திறக்கணும், 45 தாண்டியும் மூடியே இருந்தா திருப்பி அனுப்புங்க. தண்ணி ரொப்பறது ஏன்னா, கேஸ் கம்மியா இருந்தா ஏதாவது விட்டுக்கிட்டாலும் வேகம் இருக்காது. காலி கெக்ல இத பண்ணாதீங்க.

கே: ஆர்ஓ வாட்டர் ஃபில்டர் புஷ் ஃபிட்டிங் (ட்யூபை சொருகினா பிடிச்சுக்கற டைப்) யூஸ் பண்ணலாமா? விலை பாதிதான்.

தாராளமா, ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம் லோ பிரஷர்ல. மிச்சம் பிடிக்க சரியான இடம் இதுதான். ட்யூப் சைஸ் மட்டும் பாருங்க, 8 எம்எம்மும் 5/16 இஞ்சும் ஏறக்குறைய ஒண்ணு, ஆனா 6 எம்எம்மும் கால் இஞ்சும் வேற, கலந்தா கசியும்.

கே: (சென்னை) இங்க கெக், வால்வ் எங்க கிடைக்கும்?

தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம வீட்ல பீர் போடறது 1937 மதுவிலக்கு சட்டப்படி குத்தம், அதுக்கு நான் கடை சொல்ல மாட்டேன். சோடாவுக்குன்னா டேங்க் மேல போட்டிருக்கற பிஎஸ்ஐ நம்பரோட திரும்ப எழுதுங்க.

கே: ஓ-ரிங்குக்கு வாஸ்லின் தடவலாமா?

கூடாது, ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலியம் பட்டா ஊதிடும். ஃபுட் கிரேட் சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன ட்யூப் வாங்குங்க, வருஷக்கணக்கா வரும்.