ஏர்பேக் லைட் எரியுதுன்னு உடனே மாட்யூலை மாத்தாதீங்க

வேளச்சேரி நண்பரே, மழைத்தண்ணி வண்டிக்குள்ள புகுந்ததுல இருந்து ஏர்பேக் லைட் அணையல, மாட்யூலுக்கு (ஏர்பேக்கை விரிய வைக்கிற கன்ட்ரோல் பெட்டி) 38,000 ரூபாய் கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவசரப்பட்டுக் கட்டிடாதீங்க. ஸ்கேன் பண்ணி எந்த எரர் கோட்னு (பழுது எதுலன்னு காட்டுற குறியீடு) எழுதி வாங்குங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல எனக்கும் இதே பாடுதான். டிரைவர் சீட்டுக்கு அடியில இருந்த ஏர்பேக் ஒயரோட மஞ்சள் கனெக்டரைக் கழட்டினா, பின்னெல்லாம் பச்சையா களிம்பு பூத்திருந்துச்சு. மெக்கானிக் அதைச் சுத்தம் பண்ணி எரரை அழிச்சதும் லைட் போயிடுச்சு. மாட்யூலைத் தொடவே இல்ல. ஹாரனும் அடிக்கலைன்னா ஸ்டீயரிங் உள்ள இருக்குற கிளாக் ஸ்பிரிங்கைப் பாக்கச் சொல்லுங்க; ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் கொண்டு போற சுருள் ஒயர் அது. ஏர்பேக் ஒயர்ல நீங்களா மல்டிமீட்டர் வச்சுடாதீங்க, பை வெடிச்சு விரியலாம். மாட்யூலுக்குள்ளயே தண்ணி ஏறியிருந்தா மாத்தித்தான் ஆகணும். அதுக்காகப் பழைய உதிரிபாகம் விக்கிற புதுப்பேட்டையில தேடாதீங்க, தயவுசெஞ்சு. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (நம்ம வண்டிச் சேதத்தையும் சேர்த்த இன்சூரன்ஸ்) இருந்தா வெள்ளச் சேதத்துக்கு க்ளெய்ம் கேளுங்க. லைட் எரியுற வரைக்கும் மோதினா பை விரியாமப் போகலாம். பிள்ளைங்களை ஏத்திட்டுப் போகாதீங்க.