ஸ்வால்பார்ட் கயாக் பயணத்துக்கு வெட்சூட் போதுமா?

வணக்கம். ஆகஸ்டில், நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் முக்கிய ஊர் லாங்இயர்பியனிலிருந்து எட்டுப் பேர் குழுவோடு கயாக்கில் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) போகிறீர்கள், நீச்சல் அரைகுறை, கையில் இருக்கும் வெட்சூட் (உடலை ஒட்டிய, உள்ளே நீர் புகும் ரப்பர் உடை) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. தயவுசெய்து அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கோடையிலும் பனியாறுகளின் அருகே கடல்நீர் சில டிகிரிதான் இருக்கும். விழுந்ததும் நம்மை மீறி மூச்சு திணறும். முதல் ஒரு நிமிடம் வாய் நீருக்கு மேலே இருந்தாக வேண்டும். பிறகு ஏறக்குறைய 10 நிமிடம்தான் கைகள் சொன்னபடி கேட்கும். நன்றாக நீந்துபவருக்கும் இதே கதிதான். அதனால் உயிர்காப்பு அங்கியும், நீர் புகாத முழு உடையான டிரைசூட்டும் கட்டாயம். டிரைசூட் நீரைத்தான் தடுக்கும், கதகதப்புக்கு உள்ளே கம்பளி ஆடை வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். அணிந்ததும் கழுத்துப் பட்டையைச் சற்று விலக்கி, குந்தி உட்கார்ந்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, நீரில் பலூன் போல மிதந்து தவிக்கிறார்கள்.

ஏற்பாட்டாளரிடம் டிரைசூட் தருகிறார்களா, இரட்டை இருக்கை கயாக் கிடைக்குமா என்று இன்றே எழுதிக் கேளுங்கள். இரட்டை கயாக் எளிதில் கவிழாது; உங்களுக்கு அதுதான் சரி. பனிக்கட்டி உடைந்து கடலில் விழும் பனியாற்று முகப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பார்கள் என்றும் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் சொன்னால் வேறு குழுவைத் தேடுங்கள். பனிக்கரடி தென்பட்டால், ஆகஸ்டில் 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

கிளம்பும் முன் நீச்சல் குளத்தில் கயாக்கைக் கவிழ்த்து வெளியேறிப் பழகுங்கள். குறைந்தது ஐந்து முறை.