வட்டம் கூடாத அணிகள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) கேள்வி பதில்

கேள்வி: மகள் டென்னசி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவர்கள் அணி மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (ஒரு முறை பந்தை எடுத்து ஆடும் ‘ப்ளே’) முன் வட்டமாகக் கூடிப் பேசுவதே இல்லையே, ஏன்?

பதில்: அந்த வட்டத்துக்குப் பெயர் ஹடில். 1890களில் வாஷிங்டனில் உள்ள காலடெட் என்ற காது கேளாதோர் கல்லூரி அணி, தன் சைகைகளை எதிரணி பார்த்துவிடாமல் மறைக்கத்தான் அப்படிக் கூடத் தொடங்கியது என்பார்கள். வட்டத்தைக் கைவிட்டவர்கள் மறுபடி சைகைக்கே வந்திருக்கிறார்கள். ஆரிகன் பல்கலைக்கழக அணி ஓரக்கோட்டில் நான்கு படங்கள் ஒட்டிய அட்டையைத் தூக்கிக் காட்டியது அதற்காகத்தான்.

கேள்வி: எல்லாம் வேகத்துக்காகத்தானே?

பதில்: பாதிதான் சரி. தாக்கும் அணி, அதாவது பந்தை வைத்திருக்கும் அணி, ஆளை மாற்றினால், தடுக்கும் அணியும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் தர வேண்டும். மாற்றாவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. நூற்று நாற்பது கிலோ தடுப்பாளர் ஒருவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி ஓரக்கோட்டைப் பார்ப்பார். வெளியே போக முடியாது. பாதி வழியில் பந்து நகர்ந்துவிட்டால் பதினொருவருக்குப் பதில் பன்னிரண்டு பேர் களத்தில் என்று ஐந்து கஜம் அபராதம். ஆளைப் பூட்டியாயிற்று, இனி அவசரமே வேண்டாம். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் கடிகாரத்தில் நாற்பது நொடி இருக்கிறது. தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக், ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தருவது) கேட்பதுபோல் நடிப்பார், தடுப்பவர்கள் தங்கள் திட்டத்தைக் காட்டிவிடுவார்கள், பயிற்சியாளர் அதைப் பார்த்து ஆட்டத்தையே மாற்றுவார். எனக்குப் பிடித்தது இந்த நிதானம்தான்.

கேள்வி: மூச்சு வாங்குபவர் காயம் என்று படுத்துவிட்டால்?

பதில்: படுத்தார்கள், வெட்கமில்லாமல். 2025 முதல், அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைத்த பிறகு படுத்து மருத்துவர் உள்ளே வந்தால், அந்த அணி ஒரு டைம்அவுட்டை (ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் இடைவேளை) இழக்கும்.

கேள்வி: வட்டம் கூடாமல் வேகமாக ஆடுவதைத் தடை செய்யப் பார்த்தார்களாமே?

பதில்: 2014இல். அந்த நாற்பதில் முதல் பத்து நொடிக்குப் பந்தை எடுக்கக்கூடாது என்று ஒரு யோசனை வந்தது. அலபாமாவின் அன்றைய பயிற்சியாளர் நிக் சேபன் ஆதரித்தார். வீரர்களின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் தோற்கவே முடியாதே?

பதில்: நன்றாகத் தோற்கலாம். மூன்று பாஸ் தவறினால் ஒரு நிமிடத்துக்குள் பந்து எதிரணிக்குப் போய்விடும். தண்ணீர் குடிக்க உட்கார்ந்த சொந்தத் தடுப்பாளர்கள் மறுபடி எழ வேண்டும். 2012 நவம்பரில் முதலிடத்தில் இருந்த ஆரிகனை அதன் சொந்த மைதானத்திலேயே ஸ்டான்ஃபோர்ட் கூடுதல் நேரத்தில் 17-14 என்று வீழ்த்தியது. அவசரப்படாத, முரட்டுத்தனமான அணி அது.

கேள்வி: 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டதே, சைகை எதற்கு?

பதில்: தாக்கும் பக்கம் களத்தில் ஒருவருக்குத்தான் அது கேட்கும்; அதுவும் கடிகாரத்தில் பதினைந்து நொடி மிஞ்சும்போது அறுந்துவிடும். ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்கு, அதாவது பாஸைப் பிடிப்பவருக்கு, யார் சொல்வது?

கேள்வி: பள்ளி அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: மூன்றே ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல். அணிவகுப்பு, ஓட்டம், ஸ்னாப் எண்ணிக்கை மூன்றும் அந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும். பிறகு, பந்தைப் பிடித்தவன் அதைத் தரையில் எறியாமல் பக்கத்து நடுவர் கையில் கொடுக்கப் பழக்குங்கள். பந்தைத் தேடி நடுவர் நடக்கும் நேரத்தில் எதிரணி இரண்டு பேரை மாற்றிவிடும்.