விபத்து இழப்பீட்டை வக்கீலே வைத்துக்கொண்டால் பார் கவுன்சில் என்ன தண்டனை தரும்?

கேட்டவர் ஏற்காட்டுக்காரர். சேலம் கோர்ட்டில் வந்த விபத்து இழப்பீட்டை வக்கீல் வாங்கிவிட்டார். "பேசினபடி மூணுல ஒரு பங்கு எனக்கு" என்கிறார், மீதியையும் தரவில்லை, கேஸ் கட்டையும் கொடுக்க மறுக்கிறார்.

அந்தப் பங்குப் பேச்சே தப்பு. ஜெயித்தால் இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவதை, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதி 20 தடுக்கிறது. கட்சிக்காரர் பணம் கைக்கு வந்தால் உடனே அவருக்குச் சொல்ல வேண்டும் (விதி 27), கேட்டால் கணக்கு நகல் தர வேண்டும் (விதி 30). ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கவும் உரிமையில்லை, ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே இதைத் தீர்த்துவிட்டது. அதே சமயம், வழக்கு முடிந்தபின் முறையான ஃபீஸைக் கழித்துக்கொள்ள அவருக்கு விதி 29 இடம் தருகிறது. அதனால் வக்கீலுக்கு அனுப்பும் நோட்டீஸில் "ஒரு பைசா தர மாட்டேன்" என்று எழுதாதீர்கள். கணக்கும் மீதித் தொகையும் கேளுங்கள்.

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் வக்கீல் சங்கத்திடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் காலம்தான் போகும். சங்கம் சமரசம் பேசலாம், தண்டிக்க முடியாது. அந்த அதிகாரம் சென்னையிலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத்தான். புகாரைத் தமிழிலேயே எழுதலாம். கையெழுத்தோடு, சிவில் மனுவில் உள்ளதுபோல், எழுதியது உண்மை என்று சொல்லும் உறுதிமொழிப் பத்தியும் கடைசியில் வேண்டும். அன்றைய கட்டணத்தை அலுவலகத்தில் கேட்டுக் கட்டுங்கள்.

புகார் நிற்பதும் விழுவதும் காகிதத்தில்தான். கோர்ட்டில் நகல் மனு போட்டு மூன்றை வாங்குங்கள்: தீர்ப்பு, செக் பெட்டிஷன் (கோர்ட்டில் உள்ள இழப்பீட்டுப் பணத்தை எடுக்கப் போடும் மனு) மற்றும் அதன் உத்தரவு, வக்காலத்து. வக்காலத்தில் வக்கீலின் பதிவு எண் இருக்கும். செக் பெட்டிஷனில் உங்கள் கையெழுத்து உண்மையா, வெற்றுத்தாளில் வாங்கியதா என்று பாருங்கள்; பல புகார்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதற்கு வங்கி அறிக்கையும் சேருங்கள். இந்த விசாரணை கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கு மாதிரி. சந்தேகம் போதாது, நிரூபணம் வேண்டும். வாய்தாவுக்கு வராமல் போனது போன்ற வெறும் கவனக்குறைவு பெரும்பாலும் தண்டனைக்குரிய நடத்தைக்கேடு ஆகாது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது ஆகும்.

முகாந்திரம் இருந்தால் மூவர் அடங்கிய ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். 1961 வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-ன்படி குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். தடைக்காலத்தில் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராக முடியாது. ஓராண்டில் முடியாவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். முதல் அப்பீல் அங்கே, அடுத்தது உச்ச நீதிமன்றம். இரண்டுக்குமே 60 நாள்.

இதில் எதுவும் உங்கள் பணத்தை மீட்டுத் தராது. அதற்கு சிவில் வழக்கு தனி, மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். நம்பிக்கை மோசடிப் புகாரும் தனி. நுகர்வோர் கோர்ட் வழியை 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது.

நோட்டீஸ் போனதும் "பணத்தைத் தந்துடறேன், புகாரை வாபஸ் வாங்குங்க" என்று ஆள் வரும். பணத்தை வங்கி வழியாக வாங்கிக்கொள்ளுங்கள். வாபஸ் வாங்கினார்கள், சமாதானம் ஆனார்கள் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி. அதனால் "எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.