மக்கள் தெருவில் இறங்கினால் சர்வாதிகாரம் போய் ஜனநாயகம் வந்துவிடுமா?

ஏதோ வீடியோவில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படியொரு கூட்டத்தை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தவன். 1998 மே மாதம், இந்தோனேசியாவில், ஜகார்த்தாவில் ஒரு நூல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

12ஆம் தேதி, சர்வாதிகார அதிபர் சுஹார்த்தோ விலக வேண்டும் என்று போராடிய திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேரைப் பாதுகாப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளிலிருந்து ஊர் எரிந்தது, கும்பல் சீனர் கடைகளைத் தேடித் தேடிச் சூறையாடியது. எங்கள் வீட்டு ஓனர் ஒரு சீன வம்சாவளிப் பாட்டி, கீழே மளிகைக் கடை. அவர் பேரன் ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்து ஷட்டரில் 'மிலிக் பிரிபூமி' என்று எழுதினான். மண்ணின் மைந்தர் சொத்து என்று அர்த்தம். பாட்டி இரண்டு நாள் என் அறையில்தான் இருந்தார், நான் வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டு. மக்கள் எழுச்சி என்று யாராவது உருகினால் எனக்கு அந்த ஷட்டர்தான் ஞாபகம் வரும். உடனே சுஹார்த்தோ ஆதரவாளன் என்று சண்டைக்கு வராதீர்கள், அந்த மார்ச்சில் அவர் ஏழாவது முறையாக அதிபரான 'தேர்தலை'யும் பார்த்தவன்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 18ஆம் தேதி மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் போய் கூரை மேலேயே ஏறிவிட்டார்கள், அங்கே ராணுவம் சுடவில்லை. அன்றைக்கே சுஹார்த்தோவின் சொந்த ஆள், சபாநாயகர் ஹார்மோகோ, விலகிவிடுங்கள் என்றார். 20ஆம் தேதி 14 அமைச்சர்கள் புது அமைச்சரவையில் சேர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை டிவியில் ராஜினாமா. இவரோடு நின்றால் நாமும் மூழ்குவோம் என்று கூட இருந்தவர்களைக் கணக்குப் போட வைத்தார்கள் மாணவர்கள், அவ்வளவுதான்.

ஜனநாயகம் அதற்கப்புறம் தவணை முறையில் வந்தது. 1999 தேர்தலில் 48 கட்சிகள் நின்றன, ஆனாலும் சபையில் ராணுவத்துக்கு 38 நியமன இடங்கள் இருந்தன. அவை ஒழிந்ததும், மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அதிபரைத் தேர்ந்தெடுத்ததும் 2004இல்தான். சுஹார்த்தோவின் அன்றைய மருமகன் பிரபோவோ 2024இல் அதே ஓட்டு வாங்கித்தான் அதிபரானார்!

எனக்குச் சம்பளம் ரூபியாவில். டாலருக்கு 2,400 சொச்சமாக இருந்தது, 1998 ஜனவரியிலேயே 10,000 தாண்டிவிட்டது. கம்பெனியில் கேட்டால் 'நிலைமை சரியாகட்டும்' என்றார்கள், இன்றுவரை சரியாகவில்லை போல. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் அனுப்பியது பந்தல் செலவுக்குத்தான் கட்டியது. மிச்சத்தை எங்கேயோ பதுக்கிவிட்டேன் என்று மச்சான் இன்னமும் நம்புகிறார். டீ குடிக்க வந்தால்கூட 'அந்த இந்தோனேசியாப் பணம்' என்றுதான் ஆரம்பிப்பார்.