வாசகர் கேள்வி – பதில்: முகநூல் காலத்தில் வியாபாரமும் நற்பெயரும்

சிறுவியாபாரம் பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரையைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை சமூக ஊடகங்களைப் பற்றியே அமைந்திருந்தமையால், இம்முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரும் தொழிலும் மட்டுமே தரப்படுகின்றன.

கேள்வி: அப்பா காலத்தில் பத்திரிகை விளம்பரமும், நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் எங்கள் கடைக்குப் போதுமாக இருந்தன. இப்போது முகநூல் பக்கத்தில் பன்னிரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் ஒரு பதிவு சில நூறு பேருக்கு மேல் போய்ச் சேருவதில்லை. காசு கட்டிப் பதிவைப் பூஸ்ட் செய்தால் லைக் விழுகிறது, சனம் கடைக்கு வருவதில்லை. நாங்கள் ஏமாற்றப்படுகிறோமா?
– புடைவைக்கடை உரிமையாளர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: ஏமாற்றப்படவில்லை, ஆனால் நீங்கள் வாங்க நினைத்த பண்டத்தை அவர்கள் விற்கவும் இல்லை. 2007 நவம்பரில் முகநூல் வணிகப் பக்கங்களைத் தொடக்கிவைத்த பின்னர், ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பக்கத்தின் பதிவு அதைப் பின்தொடர்வோரில் கணிசமானோருக்குச் செலவின்றியே போய்ச் சேர்ந்தது. பக்கங்கள் பெருகப் பெருக அந்த வாய்ப்புச் சுருங்கியது. 2018 ஜனவரியில், உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்போவதாக அந்நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. அதன் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு விளம்பரத்திலிருந்து வருவது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பின்தொடர்வோர் என்ற எண்ணிக்கை இன்று ஏன் ஒரு அலங்காரமாகவே நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

பூஸ்ட் விடயத்துக்கு வருவோம். ஒருவருடைய கைபேசித் திரையில் விளம்பரத்துக்கு இடம் கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே ஓர் ஏலம் நடக்கிறது. அந்த ஏலத்தில் கூடிய காசு கேட்டவர் மட்டும் வெல்வதில்லை. பார்ப்பவர் நீங்கள் விரும்பும் செயலைச் செய்யக்கூடிய வாய்ப்பு எவ்வளவு, விளம்பரத்தின் தரம் எப்படி என்பனவும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. நீங்கள் லைக்கும் பின்னூட்டமும் வேண்டும் என்ற நோக்கத்தைத் தெரிவுசெய்திருந்தால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களையே, விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் முகநூலின் கணினிப் பொறி தேடிப் பிடிக்கும். அவர்களுக்குச் சேலை வாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பார்க்கும்படி நீங்கள் கேட்கவும் இல்லை. அடுத்த முறை செய்தி அனுப்புதலையோ தொலைபேசி அழைப்பையோ நோக்கமாகத் தெரிவுசெய்யுங்கள். முழு இலங்கையையும் குறிவைக்காமல், கடையை மையமாக வைத்துச் சில கிலோமீற்றர் சுற்றளவை மட்டும் வகுத்துக்கொள்ளுங்கள். தமிழ்மொழி என்று தெரிவுசெய்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் அகப்படுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். முகநூலின் மொழித் தெரிவை ஆங்கிலத்திலேயே விட்டுவைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் அந்த வலைக்குள் விழமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் பதிவுகளுக்கு விழும் லைக்குகளை ஒருமுறை திறந்து பாருங்கள்: ஸ்காபரோ, இலண்டன், பாரிஸ் என்று புலம்பெயர்ந்த உறவுகளே வரிசையாக நிற்பார்கள். அவர்கள் கடைக்கு வரப்போவதில்லை என்று ஒதுக்குவது பெரும் பிழை. இங்கே பொருளைப் பெறுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர். அம்மாவின் பிறந்தநாளுக்கோ தங்கையின் கலியாணத்துக்கோ சேலை எடுத்துக் கொடுக்க விரும்பும் மகன் கனடாவில் இருக்கிறார். ஆகவே ஊராருக்கு ஒரு விளம்பரம், வெளிநாட்டாருக்கு வேறொரு விளம்பரம் என்று பிரித்துச் செய்யுங்கள். இரண்டாவது விளம்பரத்தில் எந்த எந்த ஊர்களுக்கு வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், எப்படிப் பணம் அனுப்பலாம், அம்மா சேலையைக் கையில் வாங்கிய படம் அனுப்பப்படுமா என்பவை தெளிவாக இருக்கட்டும்.

கடைசியாக, கொஞ்சம் கோபத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. உங்கள் பக்கத்தையும் பார்த்தேன். ஒரு காஞ்சிபுரச் சேலையின் கீழ் பலர் "அண்ணா, விலை என்ன?" என்று கேட்டிருக்க, எல்லோருக்கும் "இன்பொக்ஸ் பாருங்கோ" என்ற ஒரே பதில் போடப்பட்டிருக்கிறது. கடைக்குள் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாட்டில், முகநூலில் மட்டும் அதை ஏன் இரகசியமாகக் காக்க வேண்டும்? போட்டிக் கடைக்காரர் விலையை அறிந்துவிடுவார் என்பீர்கள். அவர் ஏற்கெனவே இன்பொக்ஸில் கேட்டு அறிந்துவிட்டார்; வாங்க வந்தவர்தான் அறியாமல் போனார். பூஸ்டுக்குக் கட்டும் காசைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தில் பின்னூட்டங்களுக்கு உடனுக்குடன் மறுமொழி எழுத ஒரு பிள்ளையை வேலைக்கு அமர்த்தினால் கூடுதல் பயன் கிடைக்கும் என்பது என் கணிப்பு. ஒலிபெருக்கி ஓட்டோவைப் பார்த்து யாரும் கேள்வி கேட்டதில்லை. இந்த ஊடகத்தில் கேட்கிறார்கள், கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் விளம்பரத்தின் பெரும் பகுதி அங்கேதான் நடக்கிறது.

கேள்வி: காசு கொடுத்தால் ஐயாயிரம் லைக் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– கைபேசி விற்பனையாளர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். உங்கள் பொருளில் அக்கறையே இல்லாத ஐயாயிரம் பேரைப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், பதிவு அவர்கள் முன் போகும்போது எவரும் அசையமாட்டார்கள். அதைக் கண்ட பொறி உண்மையான வாடிக்கையாளருக்கும் பதிவைக் காட்டுவதைக் குறைத்துவிடும். காசு கொடுத்துச் சூனியம் வைப்பது என்பது இதுதான்.

கேள்வி: நான் வீட்டில் மிளகாய்த்தூள், ஒடியல்மா, தட்டைவடை செய்து விற்கிறேன். ஒரு யூடியூபர் தம்பி வந்து காணொளி எடுத்துப் போடுவதாகச் சொல்லி என்னுடைய ஒரு மாத வருமானத்தைக் கேட்கிறார். காசு வாங்கியதைக் காணொளியில் சொல்லத் தேவையில்லை, சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்கிறார். கொடுக்கலாமா?
– வீட்டுத்தொழில் செய்பவர், பருத்தித்துறை

பதில்: கொடுப்பதா இல்லையா என்பதற்கு முன், அவர் எதை விற்கிறார் என்று பாருங்கள். அவருடைய கடந்த காணொளிகளின் பார்வை எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பின்னூட்டங்களை இறங்கி வாசியுங்கள். "எங்கே வாங்கலாம்", "தொலைபேசி இலக்கம் போடுங்கோ" என்று கேட்கிறார்களா, இல்லை "வாழ்த்துகள் தம்பி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்களா? முன்னது இருந்தால் அவருக்குச் சந்தை இருக்கிறது. பின்னது மட்டும்தான் என்றால் அவருக்கு இரசிகர்கள் இருக்கிறார்கள்; அது அவருடைய சொத்து, உங்களுக்கு உதவாது. அவர் முன்னர் காணொளி எடுத்த வீட்டுத்தொழிலாளர் இருவரைத் தேடிப் பிடித்து, அந்த வாரம் எத்தனை அழைப்புகள் வந்தன என்று கேட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர் என்றால் உண்மையைத்தான் சொல்வார்கள்.

காசு வாங்கியதை மறைப்பது பற்றி: அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2009இலேயே இதை விதிமுறைக்குள் கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணயச் சபை 2021இல், பணம் பெற்ற பதிவுகளை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என வழிகாட்டுதல் வெளியிட்டது. இங்கே, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரிகள் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யாக எடுத்துரைப்பதையும் தடைசெய்கிறது. வியாபாரி என்ற வகையில் அதற்குள் நீங்களும் வருகிறீர்கள். சட்டத்தை விடுங்கள். யாழ்ப்பாணத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? காணொளியின் தொடக்கத்திலேயே "இது விளம்பரம்" என்று அவர் சொல்லட்டும். தூளை இடிக்கும் முறையையும் மிளகாயை வெயிலில் காயவைக்கும் முற்றத்தையும் காட்டட்டும். பார்ப்பவருக்குக் கடைத்தூளையும் உங்கள் தூளையும் வேறுபடுத்திக் காட்டுவது அந்த முற்றந்தான்.

தொகையை முழுதாக முன்னரே கொடுக்க வேண்டாம். காணொளிக்கென்று தனியான ஒரு தொலைபேசி இலக்கம் எடுத்து, அதற்கு வரும் அழைப்புகளைக் கொப்பியில் எழுதி வாருங்கள். இரண்டாவது காணொளி தேவையா என்பதை அந்தக் கொப்பி சொல்லும்.

கேள்வி: எங்கள் சாப்பாட்டுக்கடையில் வாங்கிய பொதியில் பூச்சி கிடந்ததாக ஒருவர் எடுத்த காணொளி ஒரே இரவில் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் பரவிவிட்டது. பின்னூட்டங்களை அழித்துவிட்டு, சட்டத்தரணி மூலம் அவருக்குக் கடிதம் அனுப்பும்படி மைத்துனர் சொல்கிறார். செய்யலாமா?
– உணவக உரிமையாளர், கொக்குவில்

பதில்: மைத்துனர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார், ஆனால் அந்த வரிசையில் செய்தால் கடை மூடும் நிலை வரக்கூடும். பின்னூட்டத்தை அழித்தவுடன் அதன் படம் எடுக்கப்பட்டு, "அழித்துவிட்டார்கள்" என்ற தலைப்போடு இரண்டாம் சுற்று வரும். சட்டக்கடிதமும் அவ்வாறே. காணொளி பொய் என்பதற்குக் கையில் சான்று இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் யுனைட்டட் விமானசேவை, ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டதற்காக ஏற்கெனவே அமர்ந்திருந்த பயணி ஒருவரை அதிகாரிகளைக் கொண்டு இழுத்து இறக்கியபோது, மற்றப் பயணிகள் கைபேசியில் படம்பிடித்துவிட்டார்கள். மறுநாள் நிறுவனத் தலைவர் விட்ட முதல் அறிக்கை ஏதோ இட ஒதுக்கீட்டுக் கோளாறு போல அதைப் பேசியது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமோ பயணியின் மீதே குற்றம் சுமத்தியது, அதுவும் வெளியே கசிந்தது. முழுமனதான மன்னிப்பு அதற்கு அடுத்த நாள்தான் வந்தது. அதற்குள் உலகம் முழுவதும் பார்த்து முடித்துவிட்டிருந்தது. இதற்கு மாறாக, 2009இல் டொமினோஸ் பீட்சாவின் வட கரோலினாக் கிளையொன்றில் ஊழியர் இருவர் உணவை அசுத்தப்படுத்தி எடுத்த காணொளி யூடியூபில் பரவியபோது, நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் சிறிது தயங்கினாலும், அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்டு, ஊழியர்களை நீக்கியதையும் கிளையைத் துப்புரவாக்குவதையும் தெரிவித்தார். குற்றச்சாட்டு எந்த இடத்தில் எழுந்ததோ அதே இடத்தில் மறுமொழி வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. இன்றைக்கே அந்த வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழையுங்கள், விவாதிக்காமல் கேளுங்கள். சமையற்கட்டில் அன்று என்ன நடந்தது என்று நீங்களே நின்று விசாரியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்வரை காத்திராமல் நீங்களே அறிவித்து அழைத்தால், பின்னர் எழுதும் அறிக்கைக்கு அதைவிடப் பலம் வேறெதுவும் இல்லை. அறிக்கை சில வரிகளுக்குள் அடங்கட்டும்: நடந்தது இது, மன்னிக்கவும், இன்ன மாற்றம் செய்துள்ளோம், விரும்பியவர்கள் சமையற்கட்டைப் பார்க்கலாம். "சில விசமிகள் திட்டமிட்டுப் பரப்பும் அவதூறு" என்ற வழக்கமான வாசகத்தைத் தயவுசெய்து எழுத வேண்டாம். பூச்சி உண்மையிலேயே கிடந்திருந்தால், அந்த ஒரு வரி பூச்சியைவிடக் கூடிய சேதத்தைச் செய்யும்.

கேள்வி: சந்தைப்படுத்தல் படிக்கும் மாணவி நான். பத்திரிகை, வானொலி விளம்பரம் முற்றாக அழிந்துவிடுமா?
– பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: அழியாது, வேலை மாறும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்ட காலத்தில், ஒரே விளம்பரத்தை எல்லோரும் ஒன்றாகக் கேட்டார்கள். இன்று பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் விளம்பரம் உங்களுக்கு வருவதில்லை. ஊர் முழுவதும் ஒரு செய்தியை ஒருங்கே அறிய வேண்டிய இடங்களில் – கேள்வி (டெண்டர்) அறிவித்தல், காணி அறிவித்தல், அந்தியேட்டி அழைப்பு – அச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது எழுத்தும் எண்ணும் இரண்டையும்தான். அழகாக வாசகம் எழுதுபவர் கிடைப்பார், விளம்பரக் கணக்கின் அட்டவணையை வாசித்து விளங்கப்படுத்துபவரும் கிடைப்பார். இரண்டும் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது.

கேள்வி: கேக் செய்து விற்கும் என் முகநூல் பக்கத்தை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். எல்லா வாடிக்கையாளரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். என்ன செய்வது?
– கேக் செய்பவர், மானிப்பாய்

பதில்: முகநூலின் உதவிப் பகுதியில் முறையிடுங்கள், இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்திடமும் தெரிவியுங்கள். மீண்டும் கிடைத்தால் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, நம்பிக்கையான இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள். பக்கம் உங்கள் பெயரில் இருந்தாலும் இடம் முகநூல் நிறுவனத்துடையது: 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் அரசாங்கம் இங்கே முகநூலை நாட்கணக்கில் முடக்கியது, 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி முகநூல் நிறுவனத்தின் கோளாறினால் முகநூலும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் நின்றுபோயின. எனவே இனிமேல் வாடிக்கையாளரின் பெயரையும் இலக்கத்தையும் தனியே எழுதி வையுங்கள். இப்போதைக்கு அவசரம் வேறு: முன்பணம் கட்டியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, உங்கள் பக்கத்திலிருந்து பணம் கேட்டு யார் எழுதினாலும் அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.